தண்டையார்பேட்டை வீட்டில் 742 முறை அணைந்த ஹார்ட் டிஸ்க்

பொங்கல் முடிந்த வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து போன் வந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர். "தம்பி, டிஸ்க் செத்துப்போச்சுபா. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கினு வந்துடு. பழசுல இருக்கறத மட்டும் எப்படியாச்சும் எடுத்துக் குடு."

கொருக்குப்பேட்டையில் நான் சர்வீஸ் கடை வைத்த நாளிலிருந்து தெரிந்த குடும்பம். புது டிஸ்க் வாங்காமல், லேப்டாப்பும் காலியான 4 டிபி டிஸ்க் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். டிஸ்க் செத்துவிட்டது என்று வரும் போன்களில் பாதிக்கு மேல் டிஸ்க் சாகவில்லை என்பது என் அனுபவம். இந்த வீட்டிலும் சாகவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தடவை அதன் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. நெரித்தவருக்கே அது தெரியாது. அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வீடும் வயரும்

கீழே ஒரு வீடு, மேலே இரண்டு மாடி. கீழ் வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் அம்மாவும். முதல் மாடியில் வீடியோ அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். இரண்டாம் மாடியில் சின்னவர். ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனி வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. தங்கையை எண்ணூரில் கொடுத்திருக்கிறார்கள். ஃபைபர் லைன் கீழ் வீட்டு ஹாலுக்குத்தான் வருகிறது. ரூட்டர் டிவிக்கு மேலே, பலகையில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைத் தண்ணீர் அந்தத் தெருவில் நாள் கணக்கில் நின்றது. டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் அப்போதே போய்விட்டது. அடுத்த மாதம், 2024 பொங்கல் சமயத்தில் 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று வாங்கினார்கள். "இதைத் தனியா வெக்காதீங்க, ரூட்டர் பின்னாடியே யுஎஸ்பி போர்ட் இருக்கு. செருகிட்டா மூணு மாடியிலிருந்தும் எல்லாரும் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் செருகிக் கொடுத்தவன் நான். பத்து நிமிஷ வேலை. டீ குடித்துவிட்டு வந்தேன். அந்த ரூட்டரின் ஸ்விட்ச்சை யார் போடுவார்கள், யார் அணைப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து இடம் போதவில்லை என்று அண்ணன் 1 டிபி டிஸ்க் இன்னொன்று வாங்கி, தனி மின்சாரம் இல்லாத சின்ன யுஎஸ்பி ஹப் ஒன்றை வைத்து இரண்டையும் ஒரே போர்ட்டில் கோர்த்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

மூன்று புகார்

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு புகார்.

அண்ணனுக்கு, டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்க முடிகிறது, புதிதாக எதையும் போட முடியவில்லை. எழுத அனுமதி இல்லை என்று வருகிறது. பத்து நாளாக இந்தக் கதை.

சின்னவருக்குத் திறக்கவே இல்லை. அவர் லேப்டாப்பில் மட்டும், "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தினரைத் தடுக்கிறது" என்ற பொருளில் ஒரு செய்தி. நிறுவனம் என்று எழுதியிருந்ததால் ஆபீஸ்காரர்கள்தான் தடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஆபீஸ் ஐடி பிரிவுக்கு டிக்கெட் போட்டு இரண்டு வாரமாகக் காத்திருக்கிறார். அது அவர் சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்.

அண்ணியின் புகாரை அந்த வீட்டில் யாரும் புகாராகவே எடுத்துக்கொள்ளவில்லை. போனிலிருந்து தானாக டிஸ்க்குக்குப் போகும் போட்டோக்களில் சில மாதங்கள் இருக்கின்றன, சில மாதங்கள் இல்லை. "பெரியவனோட ஸ்கூல் ஆண்டு விழா இருக்கு. சின்னவளோட காதுகுத்து இல்ல. நான் டெலிட் பண்ணிட்டேன்னு சொல்றாங்க, நான் தொடவே இல்ல."

மூன்றுக்கும் சேர்த்து வீட்டார் எழுதிய தீர்ப்பு: டிஸ்க் போச்சு. எனக்கு மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தன. ஒரு டிஸ்க் போகும்போது ஒரு மாடிக்கு மட்டும் படிக்கக் கொடுத்து, இன்னொரு மாடிக்குக் கதவைச் சாத்தாது.

டிஸ்க் சொன்ன கணக்கு

எதையும் சரிசெய்யப் போகும் முன் டிஸ்க்கின் உடம்பைப் பார்க்க வேண்டும். ரூட்டரின் பக்கத்தில் அதற்கு வழி கிடையாது. மொத்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதோடு சரி. ரூட்டரில் இருந்து முறையாக விடுவித்து, என் லேப்டாப்பில் செருகி, ஸ்மார்ட் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. முதலில் பார்க்க வேண்டியது 5, 197, 198 என்ற மூன்று வரிகள்: கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய இடங்கள், சந்தேகத்தில் நிற்கும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள். மூன்றிலும் பூஜ்யம். தட்டு சுத்தம்.

அடுத்து கண்ணில் பட்டது 12ஆம் வரி: டிஸ்க்குக்கு மின்சாரம் வந்து போன தடவைகள் 742. 9ஆம் வரியில் மொத்தம் ஓடிய நேரம் 11,860 மணி. 192ஆம் வரியில் 719.

பழக்க தோஷத்தில் போனிலேயே வகுத்துப் பார்த்தேன். 11,860-ஐ 742-ஆல் வகுத்தால் 16-க்கு ஒரு முடி குறைவு. ஒரு தடவை போட்டால் சராசரியாக 16 மணி நேரம் ஓடி, அணைகிறது. வாங்கி ஏறக்குறைய அத்தனை நாள்தான் ஆகிறது. அதாவது தினம் ஒரு தடவை. கரண்ட் கட் இப்படிக் கணக்காக வராது. இது மனிதக் கை.

"அம்மா, ராத்திரி இந்த ரூட்டரை ஆஃப் பண்ணுவீங்களா?"

"ஆமாம்பா. சீரியல் முடிஞ்சா பத்தரைக்கு மெயின் ஸ்விட்ச்சையே அணைச்சிடுவேன், டிவி, இது, எல்லாம். காலைல ஆறரைக்குப் பால் வந்ததும் போடுவேன்."

பத்தரையிலிருந்து ஆறரை எட்டு மணி நேரம். மீதி பதினாறு. அந்த வீட்டின் தினசரி அட்டவணை டிஸ்க்குக்குள் எழுதப்பட்டிருந்தது.

192ஆம் வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான டிஸ்க்குகளில் அது, முன்னறிவிப்பு இல்லாமல் மின்சாரம் போய், படிக்கும் முனை அவசரமாகத் தன் இடத்துக்கு ஓடிய தடவைகளை எண்ணும். சொல்லிவிட்டு அணைத்தால் 12 மட்டும் ஏறும், 192 ஏறாது. 742-க்கும் 719-க்கும் நடுவே 23. அந்த 23 யார் என்று கேட்டதற்கு அண்ணன் கை தூக்கினார். பெரிய ஆல்பம் வேலை வந்தால் டிஸ்க்கை முறையாக விடுவித்து மாடிக்கு எடுத்துப்போய் லேப்டாப்பில் செருகுவாராம். மற்ற 719 தடவையும் டிஸ்க்கிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பென் டிரைவைப் பிடுங்கும் முன் 'எஜெக்ட்' அமுக்க வேண்டும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் பென் டிரைவ் கண்ணெதிரே, கையில் இருக்கிறது. ரூட்டரில் தொங்கும் டிஸ்க்குக்கு எதிரே யாரும் உட்காருவதில்லை. மூன்று மாடியிலிருந்தும் காற்று வழியாகத்தான் அதைத் தொடுகிறார்கள். அதனால் அதைக் கையால் ஆள்பவர் என்று அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் படுக்கும் அம்மா. அவருக்கு அது டிஸ்க் என்றே தெரியாது. "அந்தக் கறுப்பு டப்பா நெட்டுக்குள்ள ஏதோ பார்ட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

பத்து இருபத்தொன்பது

ஸ்விட்ச் அணைவதால் என்ன கெடுகிறது என்பதை அண்ணனுக்குப் புரியவைக்கக் உதாரணம் தேடிக் காசிமேட்டு மீன் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. படகு வந்து மீன் கரையில் இறங்கிவிட்டது, ஆனால் இன்னும் வண்டியில் ஏறவில்லை. நடுவில் கூடைகளில் நிற்கிறது. லேப்டாப் "காப்பி முடிந்தது" என்று சொல்லும்போது ஃபைலும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். வந்த தரவை அது முதலில் தன் மெமரியில் வாங்கி வைத்து, பிறகு டிஸ்க்கில் ஏற்றும். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பதை எழுதும். அந்த இடைவெளியில் ஸ்விட்ச் அணைந்தால் கூடையில் இருந்தது கூடையோடு போகும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அண்ணியின் போனில் இருந்த பேக்கப் ஆப், சார்ஜ் ஏறும்போது வைஃபையில் மட்டும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. பலருக்கும் அதுதான் அமைப்பு. அவர் போனைச் சார்ஜில் போடுவது சமையலறை ஒழித்துவிட்டு, பத்து மணி சுமாருக்கு. அண்ணனும் மண்டபத்திலிருந்து வந்து கார்டை இறக்குவது அதே நேரத்துக்கு. வீட்டிலேயே டிஸ்க்கில் அதிகமாக எழுதப்படும் அரை மணி நேரத்தின் முடிவில் அம்மா ஸ்விட்ச்சை அணைக்கிறார். திட்டம் போட்டுக்கூட இப்படி அமைக்க முடியாது.

இனி அந்த "எழுத அனுமதி இல்லை". டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை விண்டோஸுக்கு உரிய என்டிஎஃப்எஸ், கடையில் வந்தபடியே. டிஸ்க்கை எழுதுவதற்காகத் திறக்கும்போது உள்ளே ஒரு குறி வைக்கப்படும். முறையாக மூடும்போது அது எடுக்கப்படும். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம் அல்லவா, அதைப் போல. மின்சாரம் பிடுங்கினால் ஆள் போய்விடுகிறார், செருப்பு கிடக்கிறது. மறுநாள் காலை ரூட்டர் வந்து பார்க்கிறது: உள்ளே ஏதோ பாதியில் நிற்கிறது. சில ரூட்டர்கள் கண்டுகொள்ளாமல் நுழைந்துவிடும். சில, வாசலிலேயே நின்று படித்துக் காட்டும், எழுத மாட்டேன் என்று சொல்லும். சில திறக்கவே மறுக்கும். இந்த ரூட்டர் சுமார் 700 நாள் முதல் ரகமாக இருந்தது. பத்து நாளுக்கு முன் இண்டர்நெட் கம்பெனி தூரத்திலிருந்து அதன் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறது. அன்றிலிருந்து இரண்டாம் ரகம். அண்ணனைப் பொறுத்தவரை டிஸ்க் செத்தது அந்த நாளில். என்னைக் கேட்டால் அந்த வீட்டில் முதல் முறையாக ஒழுங்காக நடந்துகொண்டது அந்தப் புதிய மென்பொருள்தான்.

முதலில் நகல்

இந்த இடத்தில் கை பரபரக்கும். விண்டோஸில் செருகியதும் "இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, சரிசெய்யவா?" என்று கேட்கும், ஆம் என்று அமுக்கத் தோன்றும். அமுக்கக் கூடாது. அமுக்கினால் ஓடும் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் கருவியின் வேலை, ஃபைல் அட்டவணையை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் கல்யாண வீடியோவைக் காப்பாற்றுவது அதன் பொறுப்பில் இல்லை. பொருந்தாததை வெட்டி ஒரு தனி ஃபோல்டரில், பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிடும். நான்கைந்து வருஷத்துக்கு முன் வேறொரு வீட்டில் நான் அப்படி அமுக்கி, பெயரிழந்த ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்திருக்கிறேன்.

எனவே முதலில் இருந்தபடியே முழுவதையும் என் 4 டிபி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். 1.3 டிபி இருந்தது. விநாடிக்கு 90 எம்பி சுமாரான வேகத்தில் நாலு மணி நேரம். அம்மா நடுவில் இட்லி கொடுத்தார். நகல் கையில் வந்த பிறகு, திருத்தும் கட்டளை சேர்க்காமல் செக்டிஸ்க்கை வெறுமனே ஓடவிட்டேன். அப்படி ஓட்டினால் பார்க்க மட்டும் செய்யும். என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு, பிறகுதான் திருத்தவிட்டேன். பெயர் போன துண்டுகள் சில வந்தன. பெரும்பாலும் அண்ணியின் போட்டோக்கள், பாதிப் படம் சாம்பல் நிறமாக.

ஒன்றுதான் அண்ணனை உட்காரவைத்தது. கார்த்திகை மாதத்துக் கல்யாணம் ஒன்றின் மாலை மாற்றும் கிளிப். பெயர் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. ஃபைலைத் திறந்து வால் பகுதியைப் பார்த்தால் வெறும் பூஜ்யங்கள். எம்பி4 ஃபைலில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற உள்ளடக்கப் பட்டியலைப் பல கேமராக்கள் கடைசியில்தான் எழுதும். வால் போனால் பட்டியல் போயிற்று. பட்டியல் இல்லாமல் பிளேயருக்கு எதுவும் புரியாது. அவர் ஞாபகப்படுத்திச் சொன்னார்: அன்றைக்கு மண்டபத்திலிருந்து வந்து கார்டை இறக்கி, முடிந்தது என்று வந்ததைத் தன் கண்ணால் பார்த்து, படுத்திருக்கிறார். விடிந்ததும் அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டை ஃபார்மேட் செய்தார். அவர் பார்த்த "முடிந்தது" பத்து இருபத்தொன்பதுக்கு வந்திருக்க வேண்டும்.

அதே கேமராவில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் காட்டினால், பட்டியலைத் திரும்பக் கட்டித் தரும் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதில் போட்டேன். வந்தது. நாதஸ்வரம் கேட்கிறது, மாமன்கள் தூக்குகிறார்கள், பெண் சிரிக்கிறாள். கடைசி எட்டு விநாடி மட்டும் இல்லை. "எட்டு செகண்டுதான? எடிட்டிங்ல பூ தூவி முடிச்சிடறேன்" என்றார் அண்ணன். தொழில்காரர்.

காதுகுத்து எங்கே போனது

அண்ணியின் புகார்தான் மூன்றில் சுவாரசியமானது. ரூட்டர் இரண்டு டிஸ்க்கையும் யுஎஸ்பி1, யுஎஸ்பி2 என்று காட்டுகிறது. இந்தப் பெயர் டிஸ்க்கின் பெயரல்ல, வந்த வரிசை. காலையில் யார் முதலில் எழுந்தார்களோ அவர்தான் யுஎஸ்பி1.

யார் முதலில் எழுவார் என்பதை முடிவு செய்தது மின்சாரம். இந்த அளவு போர்ட்டபிள் டிஸ்க், தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய அளவு அரை ஆம்பியர், 3.0 என்றால் 0.9. ஒரு டிஸ்க்குக்கே இழுபறி. இங்கே இரண்டு, தனி மின்சாரம் இல்லாத ஹப்பில். ரூட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட், 1 ஆம்பியர், ஆக 12 வாட். இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகக் கிளம்பினால் அவையே 10 வாட் கேட்கும். மீதி 2 வாட்டில் ரூட்டர் வைஃபையும் நடத்தி, தானும் பிழைக்க வேண்டும். காலை ஆறரைக்கு அம்மா ஸ்விட்ச்சைப் போட்டதும் ஒன்று எழும், மற்றது இரண்டு மூன்று முறை இருமிவிட்டு எழும். அந்த 'டிக் டிக்' சத்தத்தை, பல்லி என்று நினைத்தேன் என்றார் அப்பா.

போன் ஆப்புக்குத் தெரிந்தது யுஎஸ்பி2 என்ற பெயர் மட்டும். எனவே சில மாதம் 1 டிபியிலும், சில மாதம் அண்ணனின் கல்யாண டிஸ்க்கிலும் போட்டோ போயிருக்கிறது. காதுகுத்து, பெரிய டிஸ்க்கில், யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. அண்ணி அண்ணனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

சின்னவரின் விஷயம் இதோடு ஒட்டாதது, சீக்கிரம் முடிந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபின், ப்ரோ வகையில், பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்தும் கேட்கிறது. விருந்தினருக்குக் கையெழுத்து ஏது? நான் 2024-இல் "யாரும் பாஸ்வேர்ட் போடவேண்டாம், ஈசியா இருக்கட்டும்" என்று திறந்துவிட்டிருந்தேன். செய்தியில் வரும் நிறுவனம், கொள்கை எல்லாம் விண்டோஸின் பேச்சு வழக்கு. தண்டையார்பேட்டையில் நிறுவனம் ஒன்றும் இல்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி அந்தப் பூட்டை உடைக்கும் வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. பூட்டு சரியாகத்தான் இருந்தது, சாவி கொடுக்காதவன் நான்.

மாற்றி அமைத்தது

வீட்டார் எதிர்பார்த்த தீர்வு, "அம்மா, இனிமே ராத்திரி அணைக்காதீங்க". சின்னவர் சொல்லியும்விட்டார். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது: "தண்ணி உள்ள வந்த அன்னிக்கு இந்த போர்டுலருந்து பொறி பறந்துச்சுப்பா. இருட்டுல, முட்டிக்கால் தண்ணில நின்னுகினு பார்த்தேன். அதுலருந்து எதையும் ஆன்ல வெச்சுட்டு எனக்குத் தூக்கம் வராது." அதற்கு மேல் அந்தத் தீர்வைப் பற்றி நான் பேசவில்லை. அணைக்கட்டும். அணைத்தாலும் கெடாத இடத்தில் டிஸ்க் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

கம்பெனி கொடுத்த ஃபைபர் ரூட்டர் கீழேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கேட்6 நெட்வொர்க் வயர் ஒன்றை மாடிப்படி ஓரமாக முதல் மாடிக்கு இழுத்தேன். அங்கே யுஎஸ்பி உள்ள வேறொரு ரூட்டர். அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, லினக்ஸில் ஓடும் இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். மாடிகளின் வைஃபையும் டிஸ்க்கும் இனி இதன் பொறுப்பு. அம்மா பத்தரைக்குக் கீழே அணைத்தால் இண்டர்நெட் போகும், வீட்டு நெட்வொர்க் போகாது. போட்டோ டிஸ்க்குக்கு வர இண்டர்நெட் தேவையில்லை. பிள்ளைகளும் நேரத்துக்குத் தூங்குவார்கள் என்று அண்ணி சந்தோஷப்பட்டார். அது என் கணக்கில் இல்லாத லாபம்.

ஹப்பை மாற்றி, தனி அடாப்டர் உள்ள ஹப். ரூட்டருக்கும் ஹப்புக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ். டிஸ்க்குகளை வந்த வரிசையில் இல்லாமல், ஒவ்வொன்றின் தனி அடையாள எண்ணை வைத்து இணைத்தேன். யார் முதலில் எழுந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான், வீடு வீடுதான். ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்ட். முடிந்த கல்யாணங்களின் ஃபோல்டரை எல்லாரும் பார்க்கலாம், அண்ணனைத் தவிர யாரும் அழிக்க முடியாது.

ஃபார்மேட், அதாவது ஃபைல்களை அடுக்கும் முறை பற்றி அண்ணனோடு கொஞ்சம் வாக்குவாதம். அவருக்கு எக்ஸ்ஃபேட் வேண்டும். மேக், விண்டோஸ், டிவி எல்லாவற்றிலும் படிக்குமே என்றார். உண்மைதான். ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. பாதியில் மின்சாரம் போனால் எதுவரை வந்தோம் என்று திரும்பிப் பார்க்க அதற்கு ஒரு குறிப்பேடு இல்லை. கையோடு எடுத்துப்போகும் டிஸ்க்குக்கு அது சரி, ரூட்டரில் வருஷக்கணக்கில் தொங்கும் டிஸ்க்குக்கு என் வாக்கு எக்ஸ்ட்4-க்குத்தான். ஓடுவது லினக்ஸ், அதன் சொந்த முறை. விலை என்னவென்றால், டிஸ்க்கைப் பிடுங்கி நேராக விண்டோஸில் செருகினால் படிக்காது. "அப்போ நான் எடுத்துனு போக முடியாதா?" என்றார். அதற்காகவும்தான் என்றேன்.

ஒரு தவறும் செய்தேன். டிஸ்க்குகளை ரூட்டரின் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் மாட்டி, ரூட்டரின் ஆன்டெனா அடியிலேயே அடுக்கிவைத்தேன். அன்று மாலையே போன்: வைஃபை விட்டுவிட்டு வருகிறது. யுஎஸ்பி 3.0-இன் இரைச்சல் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் சிந்தும். இன்டெல் 2012-இலேயே இதை எழுதிவைத்திருக்கிறது. தெரிந்தும் மறந்தேன். நல்ல உறை உள்ள முக்கால் மீட்டர் கேபிள் போட்டு டிஸ்க்குகளைத் தள்ளிவைத்ததும் நின்றது.

எண்ணூர் தங்கைக்கு வீட்டிலிருந்தே போட்டோ பார்க்க வேண்டுமாம். இண்டர்நெட்டிலிருந்து உள்ளே வர ரூட்டரில் ஒரு வாசல், அதாவது நெட்வொர்க் போர்ட், திறந்துவிடு என்றார்கள். நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் 445ஆம் போர்ட்டை வெளி உலகத்துக்குத் திறப்பதை நான் செய்வதில்லை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்தப் பகிர்வு முறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். திறந்தாலும் இங்கே பலிக்காது: ரூட்டரின் வெளிப்பக்க ஐபி முகவரி 100.70 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை, கம்பெனிகள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக 2012-இல் ஒதுக்கியது. வெளியிலிருந்து அந்த வீட்டுக்கு நேர்வழி இல்லை. தங்கை ஞாயிற்றுக்கிழமை வரும்போது பென் டிரைவ் கொண்டுவருகிறார்.

பழைய 4 டிபியை நானே வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன், விலைக்குத்தான். மாதம் ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்து, நகல் எடுத்து, பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டவேண்டும். சாவி அம்மாவிடம். மறக்கமாட்டார்.

மூன்று மாதம் கழித்து

சித்திரையில் அந்தப் பக்கம் போனபோது பதிவேட்டைத் திறந்தேன். சோதனை எல்லாம் முடித்து நான் ஒப்படைத்த நாளில் 12ஆம் வரி 751. இப்போது 754. 192ஆம் வரி 719-இலிருந்து 721.

மூன்றில் ஒன்று, ஹப் கேபிளை மாற்ற நானே சொல்லிவிட்டு அணைத்தது. மற்ற இரண்டும், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் 2 மணி வரை வராத இரண்டு நாட்கள். அந்தச் சின்ன யுபிஎஸ் மூன்று மணி நேரம் தாங்கியது என்று அண்ணன் சொன்னார். பேட்டரி தீரும் முன் டிஸ்க்கைத் தானாக மூடச் சொல்ல அந்த யுபிஎஸ்ஸுக்கு வாய் இல்லை. பேசத் தெரிந்த யுபிஎஸ் வேறு விலை. அதை வாங்கலாமா என்று அண்ணன் கேட்டார். பராமரிப்பு நாள் முன்கூட்டியே பேப்பரில் வருகிறதே என்று அப்பாவைப் பார்த்தேன். தினத்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்து, ரூட்டர் பலகையில் ஒட்டிவிட்டு வந்தேன்.